பதினாலாவது நாற்காலி

சனிக்கிழமை மாலைகளில் எர்சீலியா அனியெல்லோவின் பீட்சாக் கடைக்கு வந்து, அடுப்பின் இரும்புக் கதவை ஒட்டிப் போட்டிருக்கும் ஒற்றை மேசையில் உட்காருவாள். அது அவளாகப் பிடித்த இடம் இல்லை. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு அனியெல்லோவின் மனைவி தித்தீனா ஒதுக்கிக் கொடுத்தது. எர்சீலியாவைக் கடந்து போகிறவர்கள் அப்படியே கையை நீட்டி இரும்பைத் தொட்டுக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

நேப்பிள்ஸ் நகரத்து மேட்டில், அந்தச் சந்தில், அவள் ராசி கெட்டவள். அவள் பார்வை பட்டால் பால் திரியும், பந்தயம் தோற்கும் என்பார்கள். அவள் வந்தால், அந்தத் தோஷம் ஒட்டாமலிருக்க, ஆண்கள் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொள்வார்கள். பெண்கள் பாவாடை மடிப்புக்குள் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் கொம்பு காட்டுவார்கள். யாரும் அவளை முகத்துக்கு நேராகத் திட்டியதில்லை. திட்டினால் அது வேறு வந்து ஒட்டிக்கொள்ளுமே! பெயரையும் சொல்ல மாட்டார்கள். 'அந்தம்மா' என்பார்கள். அவ்வளவுதான்.

அவள் துணி வெளுக்கும் கடையின் பின்கட்டில் சட்டை தேய்க்கிறவள். வாடிக்கையாளர்கள் கண்ணில் படாத இடம். "நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இரும்பு காப்பாத்தும்னா இந்த ஊர்ல என்னைத்தான் மொதல்ல காப்பாத்தியிருக்கணும்" என்று ஒரு தடவை தித்தீனாவிடம் சொல்லியிருக்கிறாள். தித்தீனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கல்லாப்பெட்டியின் பூட்டைத் தொட்டுக்கொண்டாள்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊரில் யாரையாவது பாராட்டினால் கையோடு 'கடவுள் காப்பாத்தட்டும்' என்று சொல்லி முடிக்க வேண்டும். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, கடவுள் காப்பாத்தட்டும். புதுச் சட்டை நன்றாக இருக்கிறது, கடவுள் காப்பாத்தட்டும். அந்தச் சொல் இல்லாமல் விட்ட பாராட்டு கண்ணாகப் போய் ஒட்டும். எர்சீலியா எதற்கு வம்பு என்று இருபத்தெட்டு வருடமாக யாரையுமே பாராட்டியதில்லை.

இதெல்லாம் ஒரு எண்ணெய் பாட்டிலில் ஆரம்பித்தது.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. சபாத்தீனோவுக்கும் அவளுக்கும் நிச்சயம். இதே கடையில், இதே நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பீட்சா வந்து இறங்குகிற நேரத்தில் எண்ணெய் பாட்டில் மேசை விளிம்பிலிருந்து விழுந்து உடைந்தது. எண்ணெய் சிந்துவதே கெட்ட சகுனம், அதுவும் நிச்சயத்தன்று. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சபாத்தீனோ எழுந்து நின்றான். "மறுபடியுமா! இவ எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்குக் கண்ணாடி விழுந்துச்சு. இவகூட சினிமாவுக்குப் போன அன்னிக்கு எங்க மாமா படிக்கட்டுல உருண்டாரு. இன்னிக்கு இது. நான் சொல்லக் கூடாதுன்னு பாத்தேன்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஒரு வாரத்தில் சந்து முழுவதும் தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுக் கண்ணாடி எந்த நாளில் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் அவன் விளக்குக் கடைக்காரர் மகள் ரெனாத்தாவைக் கட்டிக்கொண்டு மேல்நகரத்துக்குக் குடிபோனான்.

பாட்டில் விழுந்தபோது எர்சீலியா அவன் பக்கத்தில்தான் இருந்தாள். அவன் முழங்கை மெல்ல மெல்ல அந்தப் பாட்டிலைத் தள்ளியதைப் பார்த்தாள். முதலில் ஒரு தள்ளு. விழவில்லை. பிறகு இன்னொன்று. அந்த இரண்டாவது தள்ளலைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. ஒரு சட்டையின் கழுத்துப் பட்டையை அழுத்தித் தேய்க்கும்போதெல்லாம் அது அவனுடைய கழுத்து என்று நினைத்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு நாற்பது சட்டை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. வானொலியில் கால்பந்து ஆட்டம் வேறு. சந்தில் ஈ, காக்கை இல்லை. கடையில் நான்கு மேசைகளைச் சேர்த்து, வெள்ளைத் துணி விரித்து, பதினான்கு நாற்காலி போட்டிருந்தாள் தித்தீனா.

"ஏதாச்சும் விசேஷமா?" என்று எர்சீலியா கேட்டாள்.

தித்தீனா அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடி டம்ளரைத் துடைத்தாள். "நிச்சயதார்த்தம். மேல்நகரத்துப் பொண்ணு. இங்கதான் சாப்பிடணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சாம். எனக்கும் பேரு தெரியாமப் போச்சும்மா, போன்ல அந்தப் பொண்ணுதான் பேசிச்சு."

பெயர் தெரியாமல் போனது எதற்கு முக்கியம் என்று எர்சீலியாவுக்குப் புரியவில்லை. கதவு திறந்து குடைகளோடு கூட்டம் உள்ளே வந்ததும் புரிந்தது. நடுவில், தலை நரைத்து, தொப்பை போட்டு, எல்லோருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சபாத்தீனோ.

அடுப்புத் தூணும் விறகுக் குவியலும் மறைத்ததால் அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த ரொட்டித் துண்டைக் கீழே வைத்தாள். இத்தனை வருடமாகச் சட்டைகளோடு பேசிப் பழகிய வசனங்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா யோலாண்டா கடலோரத்து ஊர்க்காரி. பெரிய உடம்பு, பெரிய குரல், கழுத்தில் திருஷ்டிக்காகக் கட்டைவிரல் அளவுக்குப் பவளக் கொம்பு. அவள் யாரையும் உட்கார விடவில்லை. எல்லோரையும் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி, முள்கரண்டியை நீட்டி நீட்டி எண்ணினாள். கடைசியில் நின்றாள். மறுமுனையிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.

"பதிமூணு."

"பதினாலு பேருக்குத்தானே சொன்னோம்?" என்றாள் சபாத்தீனோவின் மகள், மணப்பெண் ஒர்னெல்லா.

"சித்தப்பா வரலம்மா. சிறுநீரகக் கல்லு. கிளம்பறப்பதான் புரண்டு புரண்டு கத்தினாரு" என்றான் மாப்பிள்ளை.

"அந்த மனுஷனுக்கு இன்னிக்குத்தான் கல்லு புரளணுமா!" யோலாண்டா கொம்பைப் பிடித்துக்கொண்டாள். "பதிமூணு பேர் உக்காந்த மேசைய விட்டு மொதல்ல எழுந்திருக்கிறவன் அந்த வருசத்தைத் தாண்ட மாட்டான். எங்க ஊர்ல ரெண்டு பேர் போயிருக்காங்க, என் கண்ணால பாத்தேன். ஒருத்தரும் உக்காராதீங்க."

யாரும் உட்காரவில்லை. நம்பாதவர்கள்கூட நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க உக்காருங்களேன்மா" என்று யோலாண்டா தித்தீனாவைக் கேட்டாள்.

"நான் உக்காந்தா பீட்சாவை யாரு கொண்டுவருவா? அடுப்பா நடந்து வரும்?"

அனியெல்லோ அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னான்: "என்னைப் பாக்காதீங்க. நான் முதுகைக் காட்டினா உள்ள இருக்கிற மூணு பீட்சாவும் கரி."

"நான் தனி மேசையில உக்காந்துக்கறேன்" என்றான் மாப்பிள்ளை.

"நிச்சயத்துல மாப்பிள்ளை தனி மேசையா? வெளங்கிடும்! வாயை மூடுடா." யோலாண்டாவின் கண் கடையைச் சுற்றி வந்தது. தூணுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் காலணி தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அட, அங்க ஒரு அம்மா தனியா உக்காந்திருக்காங்களே!"

சபாத்தீனோ திரும்பினான். அவன் மனைவி ரெனாத்தாவும் திரும்பினாள். அவள் கை உடனே பாவாடை மடிப்புக்குள் போனது.

"அவங்க வேணாம் சம்பந்தி" என்றான் சபாத்தீனோ.

"ஏன்?"

அவன் மனம் அவசரமாகக் கணக்குப் போட்டது. ராசி கெட்டவள் என்று சொன்னால் நிச்சயத்தன்று அப்படி ஒருத்தி இருக்கும் கடைக்கா கூட்டி வந்தாய் என்று கேட்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டாலோ, அதைவிட மோசம். "அவங்களுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்" என்றான்.

"கேட்டாத்தானே தெரியும்?" யோலாண்டா நேராக வந்து எர்சீலியாவின் முன்னால் நின்றாள். "என்னம்மா, எங்களுக்கு ஒரு உபகாரம் பண்ணுவீங்களா? எங்க கூட உக்காந்து சாப்பிடுங்க. பேரு என்ன?"

"எர்சீலியா."

அந்தக் கடையில் அந்தப் பெயர் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ரெனாத்தாவும் அவள் தங்கையும் ஒரே நேரத்தில் சாவிக்கொத்தைத் தேடினார்கள்.

"எங்க அம்மாவைப் பெத்தவ பேரு!" என்று யோலாண்டா அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தச் சந்தில் யாரும் அவள் கையைத் தொட்டதில்லை. அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது என்பதுதான் எர்சீலியாவுக்கு முதலில் தோன்றியது.

சித்தப்பாவின் நாற்காலி சபாத்தீனோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்கள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் எண்ணெய் பாட்டில்.

பேச்சும் சிரிப்பும் ஆரம்பித்ததும் அவன் உதடு அசையாமல் கேட்டான். "உனக்கு என்ன வேணும்?"

"மரினாரா பீட்சா. பூண்டு தூக்கலா."

"விளையாடாதே. வயித்து வலின்னு சொல்லிட்டு எழுந்து போ."

"போகணுமா? சரி." அவள் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, நாற்காலியைக் கிரீச் என்று பின்னால் தள்ளினாள்.

"அம்மா!" யோலாண்டாவின் கத்தலில் தித்தீனா கையிலிருந்த டம்ளர் ஆடியது. "எங்க எழுந்திருக்கிறீங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இவர்தான் போகச் சொல்றாரு."

பதிமூன்று முகங்களும் சபாத்தீனோவைப் பார்த்தன.

"சம்பந்தி! உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பதிமூணு பேரை உக்கார வெச்சுட்டு யாரைக் காவு குடுக்கப் போறீங்க?"

"நான் சும்மா... காத்து வர்ற பக்கமா உக்காரச் சொன்னேன்" என்று அவன் வழிந்தான்.

"நான் உக்காருவேன்" என்றாள் எர்சீலியா. தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "ஆனா இவர் ஒரு கதை சொல்லணும். எண்ணெய் பாட்டில் கதை. சொன்னா கடைசி வரைக்கும் இருப்பேன்."

"என்ன கதை? எனக்கு ஒரு கதையும் தெரியாது."

அவள் நாற்காலியை இன்னொரு சாண் பின்னால் தள்ளினாள். பிறகு எண்ணெய் பாட்டிலை முழங்கையால் மெதுவாக ஒரு தள்ளு தள்ளினாள். அது மேசை விளிம்பை நோக்கி நகர்ந்து நின்றது. ஒர்னெல்லா "ஐயோ" என்றாள்.

"சொல்லித் தொலைங்களேன்" என்று ரெனாத்தா பல்லைக் கடித்தாள்.

சபாத்தீனோ தொண்டையைச் செருமினான். "ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல இங்க ஒரு விருந்து. ஒரு பாட்டில் உடைஞ்சுது. அவ்வளவுதான்."

"யாரோட விருந்து?" என்று எர்சீலியா கேட்டாள்.

"எங்களோட."

"எங்களோடன்னா?"

"நானும்... இவங்களும்."

"அப்பா, நீங்க இவங்கள நிச்சயம் பண்ணியிருந்தீங்களா?" ஒர்னெல்லாவின் கண்கள் பெரிதாகின.

"இவங்களுக்குப் பேரு கிடையாதா?" என்றாள் எர்சீலியா.

அவன் தண்ணீர் குடித்தான். அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஊருக்கே கற்றுக்கொடுத்தவன் அவன்தான். "எர்சீலியா" என்றான். ஏதோ எலும்பைத் துப்புவதுபோல வந்தது.

"பாட்டிலை யாரு தட்டினது?"

அவன் மறுபடியும் தண்ணீர் டம்ளரை எடுத்தான்.

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான்."

"எதால?"

"முழங்கையால."

"எத்தனை தடவை?"

அவன் அவளைப் பார்த்தான். இதுவும் அவளுக்குத் தெரியும் என்று அவன் இத்தனை நாள் நினைக்கவில்லை. "ரெண்டு தடவை."

"அடுப்புக்கிட்ட கேட்டிருக்காது. சத்தமாச் சொல்லு."

"எனக்குக் கேட்டுது" என்றான் அனியெல்லோ. நீண்ட பீட்சாக் கரண்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவன் முதன்முறையாக அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றான். பின்னால் மூன்று பீட்சாவும் கருகிக்கொண்டிருந்தன.

"அப்ப அந்த ராசி கெட்டவங்கற பழி?" என்றாள் தித்தீனா.

"நான் கட்டிவிட்டதுதான்."

யோலாண்டா இரண்டு கையையும் விரித்தாள். "ஏன் சம்பந்தி, கல்யாணம் வேணாம்னா வேணாம்னு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

"இவளுக்கு மூணு அண்ணனுங்க. மூணு பேரும் துறைமுகத்துல மூட்டை தூக்கறவங்க" என்றான் சபாத்தீனோ.

மேசையின் கடைசியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. மாப்பிள்ளை சிரித்தான். சபாத்தீனோவே கொஞ்சம் சிரித்தான். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். "சின்ன வயசுத் தப்பு! விடுங்க, விடுங்க. தித்தீனா, நல்ல வைனா ஒண்ணு கொண்டா!"

வைன் வந்தது. பீட்சாக்கள் வந்தன. கண்ணீர் முட்ட உட்கார்ந்திருந்த ஒர்னெல்லாவை மாப்பிள்ளை ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சபாத்தீனோ தன் மூன்றாவது விளக்குக் கடை திறப்பு விழாவைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருந்தான்.

எர்சீலியா பூண்டு தூக்கலான மரினாராவை நான்காக வெட்டி, ஓரத்தைப் பிடித்து மெதுவாகச் சாப்பிட்டாள். என் இருபத்தெட்டு வருடத்துக்கு இவனுக்கு ஐந்து நிமிட வேர்வை என்று நினைத்துக்கொண்டாள். கோபம் தணியவில்லை. ஒரு கறை போனதும் அதற்கடியில் இன்னொரு கறை தெரியுமே, அந்த மாதிரி.

"எண்ணெய் இப்படிக் கொடு" என்று அவன் கை நீட்டினான்.

அவள் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவள் விரல் பட்ட இடத்தைத் தவிர்த்து, கழுத்தை இரண்டு விரலால் பிடித்து வாங்கினான். அவனுடைய இன்னொரு கை மேசைக்குக் கீழே கால்சட்டைப் பைக்குள் இருந்தது. விருந்து ஆரம்பித்ததிலிருந்தே அந்தக் கை அங்கேதான் இருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். இத்தனை வருடமாக அந்த ஊரிலேயே அது பொய் என்று தெரிந்திருந்த ஆட்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தன் இவன்.

பிறகு அவள் இன்னொரு பீட்சா கேட்டாள். அவள் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் ஓரத்தைக்கூட விடாமல் சாப்பிட்டாள்.

"எல்லாரும் ஒண்ணா எழுந்திருக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று யோலாண்டா சொல்ல, பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

வாசலில் குடைகளைத் தேடும்போது எர்சீலியா மணப்பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். "எவ்வளவு அழகா இருக்கேம்மா, கடவுள் காப்பாத்தட்டும்." ஒர்னெல்லா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். எர்சீலியா மாப்பிள்ளையின் தோளைத் தட்டினாள். "நல்ல பையன், கடவுள் காப்பாத்தட்டும்." யோலாண்டாவிடம், "உங்க குரல் மணி மாதிரி இருக்கு, கடவுள் காப்பாத்தட்டும்" என்றாள். யோலாண்டா அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ரெனாத்தாவின் கோட்டுகூட நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கடவுளையும் சேர்த்தாள்.

சபாத்தீனோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வைனில் முகம் சிவந்திருந்தது. "அப்ப கணக்குத் தீர்ந்துதில்ல?" என்றான் மெல்ல.

எர்சீலியா அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"சபாத்தீனோ, உனக்கு வயசே ஆகல" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "என்ன தெம்பு, என்ன நிறம்! மூணு கடை, முத்தாட்டம் ஒரு பொண்ணு. நெஞ்சு குதிரை மாதிரி ஓடும்போல."

நிறுத்தினாள். குடையின் பட்டியை அவிழ்த்தாள்.

எல்லோரும் மீதிச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். தித்தீனா துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மழை பெய்தது. மீதி வரவில்லை.

சபாத்தீனோவின் முகத்திலிருந்த சிவப்பு கழுத்து வழியாக இறங்கிப் போனது. கதவுப் பிடி பித்தளை. அதை விட்டுவிட்டுப் பையைத் தடவினான். சாவி மனைவியிடம் இருந்தது. இரும்பு இருந்தது கடையின் அந்தக் கோடியில், எர்சீலியா வழக்கமாக உட்காரும் மேசைக்குப் பக்கத்தில். நடுவில் பதிமூன்று பேர்.

"என்ன சம்பந்தி, நீங்க கட்டின கதைதானே?" என்றாள் யோலாண்டா. அவள் சிரிக்கவில்லை.

"மீதியச் சொல்லு" என்றான் அவன்.

எர்சீலியா குடையை விரித்துப் படியிறங்கினாள்.

"சொல்லிட்டுப் போ! ரெண்டு வார்த்தைதானே!" அவன் தொப்பியில்லாமல் மழையில் இறங்கினான். கல் பாவிய சந்து வழுக்கியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அது நிஜமாகவே குதிரைபோல ஓடிக்கொண்டிருந்தது. "எர்சீலியா! ஏய், எர்சீலியா! சொல்லிடு, எர்சீலியா!"

இரண்டு பக்கமும் சன்னல்கள் திறந்தன. வானொலியில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடமாக யாரும் சொல்லாத பெயரை ஒருவன் நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

அவள் சந்தின் திருப்பம்வரை மெதுவாகத்தான் நடந்தாள், எல்லோருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று.